பதில்கள் மட்டும்

நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி.
குதாயிசி நீதிமன்றத்தின் ஒலிப்பதிவுகளைக்
கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
இடது காதில் கேட்பவர்,
வலது காதில் சொல்பவர்.
அங்கே இருப்பது இரண்டே மைக்.

செவ்வாய் ராத்திரி இடது காது போயிற்று.
பிளக்கின் கழுத்தை வளைத்துப் பிடித்தால் ஒரு சொல் வரும்,
விட்டால் கரகரப்பு,
பிறகு அதுவும் இல்லை.
வலது காதில் மட்டும் வர்லாம் என்கிற ஒருவர்
ஆளில்லாத அறையில் பேசுவதுபோல்
பேசிக்கொண்டே போனார்:

"இல்லை.
மழை பெய்து நின்றிருந்தது.
மூன்று தரம் கூப்பிட்டேன்.
திரும்பிப் பார்க்கவில்லை."

யாரோ எதையோ கேட்கும் அளவுக்கு ஒரு வெற்றிடம்.

"ஆமாம், பதினோரு வருஷமாக.
அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்."

எங்கள் ஜார்ஜிய மொழியில்
அவனும் அவளும் அதுவும் ஒரே சொல்.

காலை பத்துக்குள் கோப்பு போக வேண்டும்.
புது ஹெட்போன் வாங்க
இன்னும் இருநூறு நிமிடம் சாட்சி கேட்க வேண்டும்.
மாடி ஏறினேன். மினிபஸ் ஓட்டும் கோச்சா
பனியனோடு கதவை ஒரு சாண் திறந்து
சால்டரிங் அயர்னும் டப்பாவில் கிடந்த ஒரு பிளக்கும் தந்தார்.
"ஜன்னலைத் திறந்து வை, லமாரா."
வேறு கேள்வி இல்லை.

உருளைக்கிழங்குக் கத்தியால் ரப்பரைச் சீவினேன்.
உள்ளே தலைமுடியாய்ச் சிவப்பு, பச்சை,
நிறமில்லாத செம்பு.
பச்சையில் ஈயம் ஒட்டவே இல்லை,
உருண்டு உருண்டு மேசைவிரிப்பில் விழுந்து
மூன்று ஓட்டை போட்டது.
நிறமே ஒரு பூச்சு என்பது
அரைமணி கழித்துத்தான் உறைத்தது.
லைட்டரில் ஒரு கணம் காட்டினால் போதும்:
பச்சை கருகும், செம்பு முகம் காட்டும்.

ப்ளம் சாஸ் பாட்டிலுக்கடியில் கேபிள்,
துணி கிளிப்பின் வாயில் பிளக்.
கை ஒன்றைப் பற்றவைக்க
மனசு இன்னொன்றைப் பற்றவைத்தது:
ரியோனி பாலம், நனைந்த விளக்குகள்,
சூட்கேஸோடு ஒருத்தி,
மூன்றாம் தரம் கூப்பிடும்போது
வர்லாமின் குரல் உடைந்திருக்கும்.
பதினோரு வருஷம்! திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

இரண்டரை மணிக்கு எல்லாம் ஒட்டியது.
பச்சை நுனிக்கு, சிவப்பு வளையத்துக்கு, செம்பு அடிக்கு.
அழகாகத்தான் இருந்தது.
பிளக்கின் மூடி மட்டும்
சர்க்கரைக் கிண்ணத்தருகே
சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
அதை அல்லவா முதலில் கோத்திருக்க வேண்டும்.

வெட்டினேன்.
இரண்டு விரற்கடை கேபிள் போயிற்று.
மூடியைக் கோத்தேன், இழுத்துப் பார்த்தேன்,
கோத்திருக்கிறேனா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.
மறுபடி சீவல், லைட்டர், ஈயம்.

நாலு மணிக்கு இடது காதில்
ஒரு வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"பசு கட்டியிருந்ததா?"
"இல்லை."
"சாலை?"
"மழை பெய்து நின்றிருந்தது."
"லாரி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?"
"மூன்று தரம் கூப்பிட்டேன்."
"பசு?"
"திரும்பிப் பார்க்கவில்லை."

சிரித்துவிட்டேன்.
திறந்த ஜன்னல் வழியே
மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"உங்களிடமே வளர்ந்ததா?"
"ஆமாம், பதினோரு வருஷமாக.
அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்."
"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

பிறகு இருவரும் பேசவில்லை.
இடது காதில் ஒரு தாள் புரண்டது.
வலது காதில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.
நேற்றுவரை இதுவும்
எனக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

ஐந்து வினாடிக்கு மேல் போனால்
'இடைவெளி' என்று போட வேண்டும், அதுதான் விதி.
பதினேழு எண்ணினேன்.
போட்டேன்.
அதற்கும் கூலி உண்டு.